காத்தூன் அக்கா காய்ச்சிய பன்னீர்

ரோஜாத் தோட்டத்தில் வேலை என்று வாயைத் திறந்தால் போதும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் "குடுத்து வெச்சவம்மா நீ, நாளெல்லாம் வாசத்துலயே இருப்பே" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ரோஜாவுக்கு வாசமே கிடையாது தாயே என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது! பாகலூர் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ்களில் வளர்ந்து விமானம் ஏறிப் போகிற பூ அது. காம்பு கை நீளத்துக்கு இருக்கும், மொட்டு ரத்தச் சிவப்பாக இருக்கும், மூக்கை வைத்து எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. எங்கள் பேக்கிங் ஷெட்டில் ஏதாவது மணத்தது என்றால் அது காத்தூன் அக்காவால் மட்டும்தான்.

இப்போது அக்கா கர்நாடக எல்லை தாண்டி மாலூரில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஷெட்டில் அவள் நின்ற இடத்தில் வேறு ஒருத்தி நிற்கிறாள். நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தொண்டை வறண்டு போகிறது. இது தாகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஷெட்டில் எங்களுக்குக் குடிக்க போர்வெல் தண்ணீர்தான். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. அக்கா வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு மண்பானையை வாங்கி வந்து மூலையில் மணலைக் கொட்டி உட்கார வைத்தாள். வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து அதில் ஊற்றுவாள். வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போடுவாள். வெயில் காலம் வந்தால் நன்னாரி. வயிறு உப்பிக்கொண்டு யாராவது முனகினால் மறுநாள் சீரகத் தண்ணீர். ஒருநாள் புதினாவைக் கசக்கிப் போட்டு எலுமிச்சையை வட்டம் வட்டமாக நறுக்கி மிதக்க விட்டிருந்தாள். அதைப் பார்த்து, "என்னக்கா, ஸ்டார் ஓட்டல் வெச்சிட்டியா?" என்றேன். "நீ மொதல்ல குடி, அப்புறம் வாயாடு" என்று தம்ளரை நீட்டினாள். குடித்தேன். அதற்கப்புறம் வாயாடவில்லை.

ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். மார்கழியில் ஷெட்டுக்குள் விரல் மடங்காது. பூவெல்லாம் கோல்டு ரூமிலிருந்து வரும், தொட்டால் ஐஸ். அந்தக் காலங்களில் அக்கா சுக்கையும் தனியாவையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துப் பெரிய பிளாஸ்கில் எடுத்து வருவாள். மூடியைத் திறந்ததும், பூவைத் தரம் பிரிக்கிற கிரேடிங் மேஜையின் அந்தக் கோடி வரைக்கும் மணக்கும். எங்கள் சூப்பர்வைசர் மணிவேல் வந்து, "பூ கட்ட வந்தீங்களா, விருந்துக்கு வந்தீங்களா?" என்று கத்துவான். கத்தி முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தன் தம்ளரைப் பின்னாலேயே நீட்டுவான். அக்கா சிரிக்காமல் ஊற்றுவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் வேப்பனப்பள்ளி. வீட்டுக்காரர் லால் பாஷா மாங்காய் லோடு ஓட்டுகிறவர். சீசனில் ஆளைக் கண்ணில் பார்க்க முடியாது. ஒரே மகள் நபீலா. சம்பாதித்தது, சேர்த்தது, கனவு கண்டது எல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் நாலைந்து பேர் அவள் வீட்டில் இருப்போம். கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி எல்லாம் நிழலில் உலர்ந்து கிடக்கும். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுப்போகும் என்று எங்களைத் தொடவே விடமாட்டாள். தேங்காயெண்ணெயைச் சிறு தீயில் வைத்து எல்லாவற்றையும் போட்டுவிட்டு எங்களோடு கதை பேச உட்கார்ந்துவிடுவாள். அடுப்பைப் பார்க்கவே மாட்டாள். பேச்சு நடுவில் சட்டென்று மூக்கு விடைக்கும். "ம், ஆயிடுச்சு" என்று எழுந்து போய் இறக்குவாள். ஒரு நாளும் பிசகியதில்லை. போர் தண்ணீரில் கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்த எங்கள் தலைமுடிக்கு அந்த எண்ணெய்தான் ஆறுதல். முடி நின்றதா என்று கேட்காதீர்கள். அது மணந்தது, எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. அக்காவுக்கும் வந்தது. பிழைத்து எழுந்தாள், ஆனால் மூக்கு போய்விட்டது. எல்லோருக்கும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது, அவளுக்குத் திரும்பவே இல்லை. டாக்டரிடம் போனாள், மருந்து சாப்பிட்டாள், ஆவி பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வேலைக்குத் திரும்பி வந்ததும் பழையபடி பானையில் வெட்டிவேர் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் காய்ச்சினாள்.

எண்ணெய் கருகியிருந்தது.

எல்லோரும் வாங்கிப் போனார்கள். "சூப்பர்க்கா", "எப்பவும் போல இருக்குக்கா" என்றார்கள். அடுத்த தடவையும் கருகல், அதற்கடுத்த தடவை இன்னும் மோசம். என் வாய் சும்மா இருக்குமா? அவள் பாட்டிலை நீட்டியபோது சொல்லிவிட்டேன். "அக்கா, இது கருகிப் போச்சு. போன தடவையும் இப்பிடித்தான்."

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. "அப்போ இத்தினி நாளும் எல்லாரும் எனக்கு எரக்கப்பட்டுட்டு இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் மண்பானை ஷெட்டில் இல்லை. பிளாஸ்கும் வரவில்லை. நாங்கள் மறுபடியும் உப்புத் தண்ணீர் குடித்தோம். "சும்மா இருந்திருக்கக் கூடாதாடி நீ?" என்று எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டு தலை குனிந்து பூவை அடுக்கியதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்படியே காலம் போயிற்று. போன வருஷம் நபீலாவுக்கு மாலூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் வேலை, தங்கமான குடும்பம். புடவை எடுக்கப் போன அன்றைக்கு நானும் கூட இருந்தேன். கடையில் வைத்து நபீலா திடீரென்று சொன்னாள்: "அம்மா, எனக்கு இன்னொன்னு வேணும். நிக்காஹ் அன்னிக்கு வாசல்ல தெளிக்கற பன்னீரை நீதான் காய்ச்சணும்."

அக்கா கையில் இருந்த புடவையைக் கீழே வைத்தாள். "கடையில பாட்டில் பாட்டிலா விக்குது."

"அது வெறும் செண்ட்டு தண்ணிம்மா. எனக்கு உன் கையால வேணும்."

"எனக்குத்தான் மூக்கு இல்லையேடி."

"சின்னம்மாவுக்கு இருக்குதே" என்று அவள் என்னைக் காட்டினாள்.

பேருந்தில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள். "அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒன்னும் கேட்டதில்ல அருணா. இது ஒன்னுதான் கேட்டிருக்கா. செய்யாம அனுப்பிச்சா எனக்கு மனசு ஆறாது. செஞ்சு, அது நல்லா இல்லாம போய், வந்தவங்க எல்லாம் எனக்காக நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னா அதுவும் ஆறாது."

"நான் இருக்கறேனில்லக்கா."

"நீ இருக்கறதாலதான் யோசிக்கறதே. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லணும். பொய் சொன்னே, சாவுற வரைக்கும் உங்கூட பேச மாட்டேன்."

சரி என்றேன்.

எங்கள் தோட்டத்துப் பூவில் பன்னீர் எடுக்க முடியாது என்று அக்காவுக்கும் தெரியும். அதற்குப் பன்னீர் ரோஜா வேண்டும். மாலையில் வைத்துக் கட்டுவார்களே, வெளிர் சிவப்பில், இதழ் மெல்லிசாக, அது. பேரிகை போகிற வழியில் கிருஷ்ணப்பன் என்பவர் கொஞ்சம் போட்டிருந்தார். முகூர்த்த மாசம், அத்தனைக்கும் மாலைக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் அவர். எங்களிடம் தமிழில், "லேதம்மா, இந்த மாசம் ஒரு பூகூட இல்ல" என்று கையை விரித்தார். அக்கா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் விடுவேனா? பெண்ணுக்குக் கல்யாணம், தாய் தன் கையால் செய்ய ஆசைப்படுகிறாள் என்று ஒரு மூச்சு பேசினேன். அவருக்கு மூன்று பெண்கள். தலையைச் சொறிந்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மட்டும் நாங்களே வந்து பறித்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு காலைதான், அப்புறம் கேட்கக் கூடாது.

அன்றைக்கு விடியும் முன்பே போய்விட்டோம். பனி சொட்டச் சொட்டப் பறித்தோம். இரண்டு பெரிய கூடை நிறைந்தது. பாகலூர் ரோட்டில் இருந்த அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் பாயை விரித்துக் கொட்டினோம். கல்யாண வீடு, உள்ளே ஒரே சத்தம். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து பூவைச் சுத்தம் பண்ணினோம். பேச்சு எங்கேயோ போனது, கை அது பாட்டுக்கு ஓடியது. நல்ல பூ பாயில், ஆகாதது பழைய கூடையில். கூடை நிறைந்ததும் அதைத் தள்ளி வாசல் பக்கம் வைத்தேன். நல்ல பூவையெல்லாம் பக்கெட்டுத் தண்ணீரில் போட்டு நிழலில் வைத்தோம்.

வெயில் ஏறியதும் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய எவர்சில்வர் அண்டாவின் நடுவில் ஒரு செங்கல், அதன்மேல் ஒரு கிண்ணம். சுற்றிலும் ரோஜா இதழும் தண்ணீரும். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆவி வெளியே போகாமல் விளிம்பில் கோதுமை மாவை அப்பி, மூடியின் குழிவில் ஐஸை நிரப்பினாள். ஆவி மேலே போய் மூடியில் குளிர்ந்து, நடுக் கிண்ணத்தில் சொட்டும். அதுதான் பன்னீர். ஐஸ் கரையக் கரைய லால் பாஷா அண்ணன் வாங்கி வந்து கொட்டிக்கொண்டே இருந்தார்.

கிண்ணம் நிறைந்ததும் அக்கா மூடியைத் திறந்து, துணியால் பிடித்து எடுத்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோந்தேன். ஒரு சொட்டைக் கையில் விட்டுத் தேய்த்து மறுபடி மோந்தேன். கீரையை வேகவைத்த தண்ணீர் போல இருந்தது. ரோஜா இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கேயோ அடியில், இருக்கிறேன் என்று சொல்லப் பயந்துகொண்டு இருந்தது. என் வாழ்க்கையில் பொய் சொல்ல அவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை. நாளைக்குக் கல்யாணம், இனிமேல் பூ கிடையாது. நல்லாருக்குக்கா என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளுக்குத் தெரியவா போகிறது? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் பார்த்த பார்வையில் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

"தழை வாசம்தான்க்கா வருது" என்றேன்.

"ம்" என்றாள். கிண்ணத்தை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். படியில் உட்கார்ந்தாள். "பரவால்ல வுடு. கடையில வாங்கிக்கலாம். நபீலாகிட்ட நானே சொல்லிக்கறேன்." நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதால் இவளும் உடைந்துபோவாள் என்று மாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லால் பாஷா அண்ணன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா அருணா, இந்தக் கூடையில இருக்கற பூவை என்னா பண்றது? தெரு முச்சூடும் மணக்குது, வர்றவன் போறவன் எல்லாம் நின்னு பாக்கறான்."

"குப்பைண்ணா அது. கொட்டிடு" என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை, எழுந்து ஓடினேன். கூடைக்குள் முகத்தை விட்டேன். அடேயப்பா! தலை கிறுகிறுத்துவிட்டது. பன்னீர் ரோஜா வாசம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே ஞாபகம் வந்தது. கையை விட்டுக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் விரிந்த பூ. நன்றாக மலர்ந்து, இதழ் தொளதொளவென்று ஆகி, தொட்டால் உதிர்கிற பூ.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் என்ன செய்திருக்கிறோம்! ஷெட்டில் செய்வதையே செய்திருக்கிறோம். இறுக்கமான மொட்டு ஏற்றுமதிக்கு, விரிந்தது ரிஜக்ட். இத்தனை வருஷமாகக் கை பழகிய பழக்கம். யோசிக்கக்கூட இல்லை. வாசமெல்லாம் விரிந்த பூவில் இருக்கிறது. நாங்கள் அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தள்ளிவிட்டு, இதழ் திறக்காத மொட்டுகளை உத்தமமான பூ என்று பக்கெட்டில் ஊறப்போட்டு, அதைக் காய்ச்சி, ரோஜா வரவில்லையே என்று ஒப்பாரி வைத்திருக்கிறோம்!

"அக்கா! எழுந்து வா! நாம பிளேன்ல ஏத்தற பூவைப் பொறுக்கிட்டோம்க்கா!"

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. வந்து கூடைக்குள் கையை விட்டுப் பூவைத் தடவிப் பார்த்தாள். "அட பாவி" என்றாள். "எங் கையி எனக்கே துரோகம் பண்ணிடுச்சே. மூக்கு இருந்திருந்தா இதைத் தொடும்போதே தெரிஞ்சிருக்குமே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மணிவேலைத் திட்டினேன், ஷெட்டைத் திட்டினேன், ரோஜா வாங்குகிற வெள்ளைக்காரனையும் விடவில்லை. அண்ணன் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துவிட்டு ஐஸ் வாங்கக் கிளம்பினார்.

வெயில் பட்டுப் பாதி இதழ் வாடியிருந்தது. மிச்சத்தை உருவிப் போட்டு மறுபடி மாவு அப்பினாள். இந்தத் தடவை ஆவி லேசாகக் கசிந்தபோதே உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வந்தது கொஞ்சம்தான். ஒரு சின்னப் பாட்டில் நிறைந்தது, அவ்வளவுதான். நான் மோந்துவிட்டு, "பன்னீருக்கா இது. நெஜப் பன்னீர்" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "மனசு நோவக் கூடாதுன்னு சொல்றியா?"

"காலையில நோவடிச்சேனே, அப்போ தெரியலையா உனக்கு?"

"அதனாலதான் இப்போ பாவம்னு சொல்றியோ என்னமோ."

என்ன சொல்லியும் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. நபீலா வந்து மோந்து குதித்தாள். "அவ எம்மவ, அப்பிடித்தான் சொல்லுவா" என்று அக்கா பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறோமே.

மறுநாள் மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்பை என் கையில்தான் கொடுத்தாள். "கொஞ்சமாத் தெளி. எல்லாருக்கும் வரணும்" என்றாள். சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் அவள் சொந்தக்காரப் பெண் நின்றாள். மாலூரிலிருந்து இரண்டு வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. மூக்கு போன கதையும் தெரியாது. கன்னடமும் உருதுமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஆளுக்கு ஒரு உதறு உதறினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன், அக்கா உள்ளே போகவே இல்லை. அத்தனை வேலை கிடக்க, தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பன்னீர் விழுந்ததும் ஒரு கிழவர் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டுக் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். இளவட்டங்கள் போனில் பேசிக்கொண்டே கையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் யாருக்காகவும் செய்யவில்லை.

கூட்டம் உள்ளே போனதும் அக்கா என் பக்கத்தில் வந்தாள். கண் நிறைந்திருந்தது. "ஒருத்தரும் கையைத் தொடைக்கல அருணா."

"தொடைக்க மாட்டாங்க. கையை நீட்டுக்கா."

"எனக்கு எதுக்குடி? வீணாப் போவும். மாப்பிள்ளையோட பெரியம்மா இன்னும் வரல, அவங்களுக்கு வை."

"நீட்டுன்னா நீட்டு" என்று அதட்டினேன். சொம்பில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கவிழ்த்துப் பிடித்து அவள் கையில் உதறினேன். நாலைந்து சொட்டு விழுந்தது. அதற்கப்புறம் எவ்வளவு உதறியும் வரவில்லை.

அவள் கையைப் பார்த்தாள். மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி மனசு, வராதா, இப்போதாவது வந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

"சில்லுனு இருக்குடி" என்றாள்.

கையை எடுக்கவே இல்லை.